ஒலியும் வாழிடமே

நுழையும்முன்

நீர் மாசுறுவதைக் கண் காண்கிறது. காற்று மாசுறுவதை மூக்கு உணர்கிறது. ஓர் உயிரினம் தன் இணையை அழைக்கும் குரல் நடுவழியில் கரைந்துபோவதை எவரும் காண்பதில்லை. காட்டை அழித்தும் சாலை அமைத்தும் கடலில் கப்பல் செலுத்தியும் மனிதர் ஏற்படுத்திய மாற்றங்கள் விலங்குகளின் ஒலித்தொடர்பை எவ்வாறு பாதித்துள்ளன என்பதையும், ஒலிச்சூழலைக் காப்பது ஏன் இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒலியைக் கேட்ட மொழி

யானை பிளிறும், மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், வண்டு முரலும். ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் தனித்தனி வினைச்சொல்லை வழங்கும் மொழி தமிழ். ஒலிமரபு என்னும் தலைப்பில் இச்சொற்கள் இன்று தேர்வுக்குரிய பட்டியலாக மனப்பாடம் செய்யப்படுகின்றன. உண்மையில் இவை, சுற்றியிருந்த உயிர்களைக் கூர்ந்து கேட்ட ஒரு சமூகம் விட்டுச்சென்ற பதிவுகள். ஒரு குரலை மற்றொரு குரலிலிருந்து பிரித்தறிந்த செவியே அதற்கெனத் தனிச்சொல்லைப் படைக்க இயலும்.

தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்போது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றுடன் பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. மண்ணும் மரமும் போலவே ஒலியும் ஒரு நிலத்தின் அடையாளம் என்னும் தெளிவு இவ்வைப்பு முறையில் புலப்படுகிறது.

இன்றைய இயற்கைப் பாதுகாப்பு முயற்சிகளில் இத்தெளிவு மங்கியுள்ளது. காப்புக்காட்டின் பரப்பு அளக்கப்படுகிறது, மரங்கள் எண்ணப்படுகின்றன, விலங்குகள் கணக்கெடுக்கப்படுகின்றன. அங்கு வாழும் உயிர்களுக்கு ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கிறதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. குடிக்க நீரும் உண்ண இரையும் தங்க மரமும் இருந்தும், அழைக்கும் குரல் கேட்கவில்லை என்றால் அந்நிலம் அவ்வுயிருக்கு முழுமையான வாழிடம் ஆகாது. எனவே, ஒலிச்சூழலையும் வாழிடத்தின் உறுப்பாகக் கருதிச் சட்டமும் திட்டமும் அதனைக் காக்க முன்வர வேண்டும்.

குரலும் நிலமும்

அடர்ந்த காட்டில் பத்து அடிக்கு அப்பால் கண்பார்வை எட்டுவதில்லை. இரவில் அதுவும் இல்லை. கலங்கிய நீரிலும் ஆழ்கடலிலும் கண்ணால் பெரும்பயன் விளைவதில்லை. இத்தகைய இடங்களில் வாழும் உயிர்களுக்கு ஒலியே உறவுப்பாலம். இணையை அழைக்கவும் தன் எல்லையை அறிவிக்கவும் பகைவரும் வேளையில் எச்சரிக்கவும் பிரிந்த குட்டியைச் சேர்த்துக்கொள்ளவும் அவை ஒலியை நம்பியுள்ளன.

அக்குரலும் நிலத்துக்கேற்ப அமைந்தது. இலைகளும் கிளைகளும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைச் சிதறடிக்கின்றன. மரத்தண்டுகளில் பட்டு எதிரொலிப்பதால் விரைவாக அடுக்கப்படும் ஒலித்துணுக்குகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புகின்றன. ஆகவே காட்டின் உள்ளே வாழும் பறவைகள் பல, தாழ்ந்த அதிர்வெண்ணில் நீட்டி இசைக்கும் சீழ்க்கையொலியைக் கையாளுகின்றன. திறந்த புல்வெளியில் எதிரொலி குறைவு. காற்றின் அலைக்கழிப்பு மிகுதி. அங்கு வாழும் பறவைகளிடம் விரைந்து அதிரும் ஒலிகள் மிகுந்து காணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக நிலத்துக்கேற்பச் செதுக்கப்பட்ட குரல் இது. மரங்களை வெட்டும்போது கூடுகட்டும் கிளை மட்டும் மறைவதில்லை. குரல் பொருந்திய அரங்கே கலைந்துவிடுகிறது.

இயற்கையிலும் இரைச்சல் உண்டு. அருவியும் ஓடையும் ஓயாது ஒலிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் நடனத் தவளைகள், குரலெழுப்புவதோடு பின்னங்காலை நீட்டி விரல்களை விரித்துக் காட்டியும் செய்தி உரைக்கின்றன. நீரின் பேரொலிக்கிடையே கண்ணுக்கும் ஒரு மொழியை அவை அமைத்துக்கொண்டன. இவ்வகைத் தகவமைப்பு நெடுங்காலப் பரிணாமத்தின் விளைவு. ஓடை தன் ஒலியைத் திடீரென்று பெருக்கிக்கொள்வதில்லை. ஒரு நெடுஞ்சாலையோ சில ஆண்டுகளில் அமைந்துவிடுகிறது. அதற்கேற்ப மாறப் பறவைக்கும் தவளைக்கும் கிடைக்கும் கால அளவு மிகமிகக் குறைவு.

கண்ணை ஏமாற்றிய காடு

பெர்னி கிராஸ் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் 1968ஆம் ஆண்டு முதல் இயற்கையின் ஒலிகளைப் பதிவுசெய்து வந்தார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியில் லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி உள்ளது. அங்கு மரம் வெட்ட முன்வந்த நிறுவனம், தேர்ந்தெடுத்த சில மரங்களை மட்டும் அகற்றும் முறையைக் கையாள்வதால் சூழலுக்குத் தீங்கு நேராது என்று உறுதி கூறியது. மரம் வெட்டுவதற்கு முன், 1988ஆம் ஆண்டில், கிராஸ் அவ்விடத்தின் விடியற்கால ஒலிகளைப் பதிவுசெய்தார். ஓராண்டுக்குப் பின் அதே பருவத்தில், அதே இடத்தில், மீண்டும் பதிவுசெய்தார்.

கண்ணுக்குக் காடு மாறியதாகத் தெரியவில்லை. முன்னும் பின்னும் எடுத்த ஒளிப்படங்களை வேறுபடுத்தி அறிவதும் அரிதாக இருந்தது. ஒலிப்பதிவோ வேறு கதை கூறியது. முதற்பதிவில் செறிந்திருந்த பறவைகளின் கூட்டிசை இரண்டாம் பதிவில் ஏறத்தாழ இல்லை. ஓடையின் சலசலப்பும் மரங்கொத்தி ஒன்றின் தட்டலுமே எஞ்சின. அடுத்த கால் நூற்றாண்டில் அவர் பலமுறை அங்குச் சென்று பதிவுசெய்தும் பழைய செறிவு திரும்பவில்லை.

ஒரு காட்டின் நலத்தை மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பது எத்துணைப் பிழையானது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. ஒளிப்படம் சான்றளித்த காட்டை ஒலிப்பதிவு மறுத்தது.

இரைச்சலில் மாறும் பாட்டு

வாழிடத்தை அழிக்காமலே அதன் ஒலிச்சூழலை மட்டும் அழிக்கவும் இயலும். ஊர்தி இரைச்சல் அதனைச் செய்கிறது. அவ்விரைச்சலின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருப்பதால், அதே அதிர்வெண்களில் அமைந்த பறவைக்குரல் அதனுள் மூழ்கிவிடுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வாழும் பெரும்பட்டாணிக் குருவிகளைப் பற்றி 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் ஆண் குருவிகள், அமைதியான பகுதிகளில் வாழ்பவற்றைவிட உயர்ந்த குரலில் பாடுவதை அது காட்டியது. பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகள் போக்குவரத்து மிக்க இடங்களில் உரத்துப் பாடுகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், பகலில் இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் ராபின் பறவைகள் இரவில் பாடுகின்றன.

இவற்றைக் கேட்போர், பறவைகள் பழகிக்கொள்கின்றன; பின் கவலை எதற்கு என்று வினவக்கூடும். இவ்வினா நியாயமானதே. ஆனால், பழகிக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. பெரும்பட்டாணிக் குருவிகளில் பெண் பறவைகள் ஆணின் தாழ்ந்த குரலையே விரும்புகின்றன எனப் பின்னர் நெதர்லாந்தில் நிகழ்ந்த ஆய்வு கண்டது. இரைச்சலில் முதலில் மறைவதும் அத்தாழ்ந்த குரலே. குரலை உயர்த்தினால் பெண்ணின் காதில் விழும். ஆனால் அவள் விரும்பும் பாட்டாக இராது. தாழ்த்தினால் விருப்பத்துக்குரிய பாட்டாகும். ஆனால் காதில் விழாது. நகரத்துக் குருவி இவ்விரண்டுக்கும் இடையே சிக்கித் தவிக்கிறது.

மேலும், பழகிக்கொள்ளும் பறவைகளே நகரில் கண்ணில் படுகின்றன. பழக இயலாதவை முன்னரே அகன்றுவிட்டன. இதனை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடைபெற்ற சோதனை ஒன்று விளக்கிற்று. சாலையே இல்லாத மலைச்சரிவு ஒன்றில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தொலைவுக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக நிறுவி, ஊர்திகள் செல்லும் ஒலியை மட்டும் ஆய்வாளர்கள் ஒலிக்கச் செய்தனர். அங்கே தார் இல்லை, புகை இல்லை, சக்கரமும் இல்லை. ஒலி மட்டுமே இருந்தது. வலசை வந்து தங்கும் பறவைகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தங்கிய பறவைகளுள்ளும் சில இனங்கள், நெடும்பயணத்துக்கு வேண்டிய உடல் எடையைப் போதிய அளவு பெறவில்லை. வெற்றொலியே ஒரு வேலியாக அமைந்து வாழிடத்தை மூடிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கும். இதற்குக் கீழானவை குற்றொலிகள், மேலானவை மீயொலிகள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரும் கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டரும் செல்லும். சுற்றிலும் இரைச்சல் கூடும்போது பேசுவோர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் 1911ஆம் ஆண்டில் விளக்கிய இவ்வியல்பு அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. பறவைகளிடமும் இவ்வியல்பு உண்டு.

பாட்டை மறந்த பறவை

பாடும் பறவைகள் பலவும் தம் பாட்டைப் பிறவியிலேயே பெற்று வருவதில்லை. மனிதக் குழந்தை மொழி பயில்வதுபோல், இளம் ஆண் பறவை மூத்த ஆண் பறவைகளின் பாட்டைக் கேட்டுக் கேட்டே பயில்கிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் பாடம் நடவாது. ஆஸ்திரேலியாவின் ரீஜண்ட் தேனுண்ணிப் பறவைக்கு நேர்ந்தது இதுவே.

கரிய தலையும் பொன்மஞ்சள் இறகும் கொண்ட இப்பறவைகள் ஒரு காலத்தில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பெருங்கூட்டமாகத் திரிந்தன. யூகலிப்டஸ் காடுகள் விளைநிலங்களாக மாற்றப்பட்டபோது அவற்றின் உணவும் உறைவிடமும் சுருங்கின. இன்று காட்டில் எஞ்சியிருப்பவை சில நூறே. பரந்த நிலத்தில் அவை தனித்தனியே சிதறிக் கிடப்பதால், ஓர் இளம்பறவை தன் இனத்து மூத்த பறவையைக் காண்பதே அரிதாயிற்று. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, ஆண் பறவைகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு, தம் இனத்தின் பாட்டையே அறியாமல் வேற்றினப் பறவைகளின் குரலைப் பாடித் திரிந்தன. முறை பிறழ்ந்து பாடும் ஆண் பறவைகள் இணை சேர்வதும் கூடு கட்டுவதும் குறைந்து காணப்பட்டன. எண்ணிக்கை குறைந்ததால் பாட்டு மறந்தது. பாட்டு மறந்ததால் எண்ணிக்கை மேலும் குறையும் நிலை உருவாயிற்று.

வளர்ப்பகங்களில் பிறந்த இளம் தேனுண்ணிகளுக்கு அவற்றின் முன்னோரது பாட்டை ஒலிப்பதிவுக் கருவி வழியாகவும் மூத்த பறவைகளைக் கொண்டும் கற்பிக்கும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. தாய்மொழியைப் பேசுவோர் அருகிவரும் வேளையில், ஒலிப்பேழையைக் கொண்டு பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பிக்கும் நிலையோடு இது ஒப்பிடத்தக்கது. முயற்சி போற்றுதற்குரியது. ஆனால், காடு இருந்திருந்தால் இப்பள்ளிக்குத் தேவை எழுந்திராது. உயிரினம் அழிவதற்கு முன்பே அதன் மரபு அழியக்கூடும் என்பதை அழிநிலை உயிரினங்களின் எண்ணிக்கைப் பட்டியல் மட்டும் காட்டுவதில்லை.

செவிக்கு எட்டாத உரையாடல்

மனிதர் கேளாத ஒலியிலும் உயிர்கள் உரையாடுகின்றன. 1984ஆம் ஆண்டில் கேத்தரின் பெய்ன் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஒருவகை அதிர்வை உணர்ந்தார். தேவாலயத்துப் பேரிசைக்கருவியின் மிகத் தாழ்ந்த சுரங்கள் உடலில் எழுப்பும் அதிர்வை அது அவருக்கு நினைவூட்டியது. பதிவுக்கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளால் யானைகள் ஒன்றையொன்று அழைப்பது தெரியவந்தது. தாழ்ந்த ஒலி எளிதில் சிதறாது. பல கிலோமீட்டர் செல்லும். பிரிந்து மேயும் யானைக்கூட்டங்கள் தொடர்பில் இருப்பதற்கு இக்குற்றொலி உதவுகிறது.

கடலில் இதே பணியைத் திமிங்கலங்களின் தாழ்ந்த குரல் செய்கிறது. பெருங்கப்பல்களின் இரைச்சலும் அதே அதிர்வெண் பகுதியில் அமைந்துள்ளது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்துக் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து சில நாள்கள் பெரிதும் குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அதே வேளையில் அங்கிருந்த ரைட் திமிங்கலங்களின் கழிவை ஆராய்ந்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் இயக்குநீர்ப் பொருள்களின் அளவும் குறைந்திருந்தது. அன்றாட இரைச்சல் அவற்றின் உடலை எவ்வளவு வருத்தியது என்பது, இரைச்சல் ஓய்ந்த பின்னரே தெரிந்தது.

இங்குச் சட்டத்தின் குறையொன்றைச் சுட்ட வேண்டும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள், தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்புப் பகுதி, அமைதிப்பகுதி என நால்வகைப் பகுதிகளுக்கு வரம்பு விதித்தன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் அமைதிப்பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்குப் பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலும் உச்சவரம்பு. காட்டுக்கோ நீர்நிலைக்கோ தனிவகை இல்லை. அளவையும் மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்ப அமைந்ததே. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை அது குறைத்தே மதிப்பிடும். யானையின் உரையாடலைக் குலைக்கும் இரைச்சல் அக்கருவியில் சிறிய எண்ணாகவே பதிவாகலாம். மனிதருக்காக வகுத்த விதி மனிதரைக் காப்பது இயல்பு. அதே விதியைக் காட்டின் அளவுகோலாகக் கொள்வதே தவறு.

அமைதி மீட்டுத்தந்தவை

ஒலி மாசுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நெகிழி மண்ணில் தங்கும். நஞ்சு நீரில் தேங்கும். இரைச்சலோ, எழுப்புவதை நிறுத்திய நொடியிலேயே மறையும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் கால ஊரடங்கு இதனை மெய்ப்பித்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வெண்முடிச் சிட்டுகளை நெடுங்காலம் ஆராய்ந்துவந்த எலிசபெத் டெரிபெரியும் அவர்தம் குழுவினரும், ஊரடங்கின்போது நகர இரைச்சல் 1950களின் நடுப்பகுதியில் நிலவிய அளவுக்குத் தாழ்ந்ததைக் கண்டனர். சிட்டுகள் முன்னைவிட மென்மையாகப் பாடின. ஆயினும் அப்பாட்டு முன்னைவிட இருமடங்கு தொலைவுக்குக் கேட்டது. இரைச்சலில் கைவிட்டிருந்த தாழ்ந்த சுரங்களும் பாட்டில் மீண்டும் இடம்பெற்றன.

மரத்தை நட்டு, அது காடாகும்வரை காத்திருக்கத் தலைமுறைகள் வேண்டும். அமைதியை மீட்கச் சில நாள்கள் போதும். எனினும், தேனுண்ணியின் கதை ஓர் எல்லையையும் உணர்த்துகிறது. பாட வேண்டிய பறவை எஞ்சியிருக்கும்வரைதான் அமைதி பயன்தரும்.

தேர்மணியின் நா

சாலையும் தொடர்வண்டியும் துறைமுகமும் வேண்டாம் என்று எவரும் கூற இயலாது. அவற்றை எவ்வாறு இயக்குவது என்பதே வினா. ஊர்தியின் வேகம் குறைந்தால் இரைச்சலும் குறையும். பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. விலங்குகள் ஊர்திகளில் அடிபட்டு இறப்பதைத் தடுக்கவே அது வகுக்கப்பட்டது. அந்நோக்கத்தோடு, இரவு முழுதும் காட்டின் செவியையும் அது திறந்துவைக்கிறது. பறவைகள் கூடுகட்டும் நீர்நிலைகளையும் யானைகளின் வழித்தடங்களையும் அமைதிப்பகுதிகளாக அறிவிப்பதும், விடியலிலும் அந்தியிலும் அங்கு ஒலிப்பானைத் தவிர்ப்பதும் பெருஞ்செலவு வேண்டாச் செயல்கள். புதிய சாலைக்கோ சுரங்கத்துக்கோ இசைவளிக்கும் முன் அவ்விடத்தின் ஒலியைப் பதிவுசெய்து, குற்றொலியையும் உள்ளடக்கிய அளவையால் ஆராய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவ்வுணர்வு தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. அகநானூற்றின் முல்லைப்பாடல் ஒன்றில், கார்காலத்தில் இல்லம் திரும்பும் தலைவன் காட்டுவழியே தேர் செலுத்துகிறான். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டினம் தேர்மணியின் ஓசையால் கலங்குமே என்றஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். அவன் பயணத்தை நிறுத்தவில்லை, தேரையும் துறக்கவில்லை. தலைவியைக் காணும் விரைவிலும், பிற உயிர்களின் இணைவுக்கு இடையூறு நேராத வகையில் தேர் செலுத்துகிறான்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் அஞ்சிக் கலையாதிருக்கத் தீபாவளித் திருநாளிலும் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. ஊரார் ஒன்றுகூடி ஏற்ற கட்டுப்பாடு அது. புத்தாடை உடுத்தி விளக்கேற்றி மகிழும் அவ்வூர்ப் பிள்ளைகள் பண்டிகையை இழக்கவில்லை. கண்மாய் மரங்களில் தங்கும் பறவைகளும் தம் கூட்டை இழக்கவில்லை. ஒரு சிற்றூரால் இயன்றது மாநிலத்துக்கும் நாட்டுக்கும் இயலாததன்று. தேர்மணியின் நாவைக் கட்டிய கை, இன்று ஊர்தியின் ஒலிப்பானிலும் திட்ட வரைவிலும் சட்ட ஏட்டிலும் செயல்பட வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. விடியற்காலையில் உங்கள் ஊரின் நீர்நிலை அருகே கால் மணி நேரம் அமர்ந்து, கேட்கும் ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றை இயற்கை ஒலி, மனிதர் எழுப்பும் ஒலி என வகைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் முன்பு கேட்டு இப்போது கேளாத பறவை, பூச்சிகளின் ஒலிகள் குறித்து மூத்தோரிடம் வினவித் தொகுப்பேடு உருவாக்குக.
3. "பறவைகள் இரைச்சலுக்குப் பழகிக்கொள்ளும்" என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.